கிட்டப்பாவின் குரல்

நாடகத் தமிழின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே தொடங்கிப் பரிதிமாற் கலைஞரையும் பம்மல் சம்பந்த முதலியாரையும் விரிவாகப் பேசுவர். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுக்கு அந்நூல்களில் ஒரு பந்தி கிடைப்பதும் அரிது. கிடைக்கும் சில வரிகளும் ‘நன்றாகப் பாடினார், இளமையிலே இறந்தார்’ என்னும் அளவில் முடிந்துவிடும். இசை வரலாறு எழுதுவோரை வினவினால் அவர் நாடகக்காரர் என்பர். நாடக வரலாறு எழுதுவோரை வினவினால் அவர் பாட்டுக்காரர் என்பர். இங்ஙனம் இரு வீட்டாரும் மற்றவர் வாசலிற் கொண்டுபோய் விட்ட பிள்ளையாக அவர் நிற்கின்றார். அவரை எவ்விடத்தில் வைத்து மதிப்பது என்னும் வினாவையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. கிட்டப்பாவின் குரலே அவருடைய நடிப்பு. அக்குரலை உருவாக்கியது மேடை. ஆதலின் மேடையைக் கருதாது அவரை அளக்கும் அளவை எதுவாயினும் குறைபடும் என்பது எமது துணிபு.

மேலைநாட்டில் இத்தகைய குழப்பம் எழவில்லை. இத்தாலியர் வளர்த்த ‘ஒப்பெரா’ என்பது முழுதும் பாட்டாலே நடக்கும் நாடகம். ஆண்மகன் தன் இயல்பான தொண்டையாற் பாடவல்ல குரல்களுள் உயர்ந்ததனை அவர்கள் ‘தெனோர்’ என்பர். காதலனும் வீரனும் பெரும்பாலும் அக்குரலுக்கு உரிய பாத்திரங்கள். அக்குரலின் பெருமையை உலகறியச் செய்தவர் என்றிக்கோ கரூசோ. 1873 இல் நேப்பிள்ஸ் நகரத்து ஏழைத் தொழிலாளர் குடும்பமொன்றிற் பிறந்த அவரை, அவருடைய ஆசிரியர் வெர்ஜீனே முதலிற் பொருட்படுத்தவில்லை. சாளர இடுக்கில் நுழையும் காற்றைப் போன்றதொரு குரல் என்றே அவர் கருதினாராம். 1895 இல் மேடையேறிய கரூசோ, 1898 இல் மிலான் நகரில் ‘பெடோரா’ என்னும் புதிய ஒப்பெராவிற் பாடிப் புகழ்பெற்றார். 1903 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அரங்கில் முதன்முறை தோன்றியவர், 1920 வரையில் அவ்வோர் அரங்கில் மாத்திரம் எண்ணூற்றறுபது தடவைக்கு மேற் பாடினார். அவரைப் பாடகர் என்று ஒதுக்குவாரும் இல்லை, நடிகர் என்று ஒதுக்குவாரும் இல்லை. பாடுவதே அவருடைய மேடைத் தொழில் என்பதை அந்நாட்டார் ஐயமின்றி அறிந்திருந்தனர்.

நம்மவருடைய வரலாறு வேறு வகையாகச் சென்றது. கிட்டப்பா 1906 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 25 ஆந் திகதி செங்கோட்டையில், கங்காதர ஐயருக்கும் மீனாட்சி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். இயற்பெயர் இராமகிருஷ்ணன். செங்கோட்டை அந்நாளில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. தமையன்மார் முன்னரே நாடகத்திற் புகுந்திருந்தமையால் இவரும் பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதிலே மேடைக்குப் போனார். சங்கரதாஸ் சுவாமிகளின் சமரச சன்மார்க்க நாடக சபையில் இவருக்குப் பயிற்சி வாய்த்தது. ‘வள்ளி திருமணம்’, ‘கோவலன்’, ‘சத்தியவான் சாவித்திரி’, ‘பவளக்கொடி’ என இன்றளவும் ஆடப்படும் நாடகங்களை ஆக்கியவர் சுவாமிகள். 1867 இற் பிறந்து 1922 இல் மறைந்தவர். பின்னர்க் கிட்டப்பா கன்னையாவின் நாடகக் குழுவிற் சேர்ந்தார். திரைச்சீலையாலும் காட்சிப் பொறிகளாலும் பார்ப்போர் கண்ணை மயக்குவது அக்குழுவின் வழக்கம். அதன் ‘தசாவதாரம்’ நாடகத்தில் அத்தனை காட்சி விந்தைகளையும் மீறிக் கிட்டப்பாவின் பாட்டையே மக்கள் தேடி வந்தனர்.

சிறுவர் குழுக்களிலே வளர்ந்த நடிகர் அனைவர்க்கும் ஒரு கண்டம் உண்டு. பதின்மூன்று, பதினான்கு வயதளவில் இளங்குரல் உடைந்து கரகரக்கும். நாடகக்காரர் இதனை ‘மகரக்கட்டு’ என்பர். அதுவரை இராஜபார்ட்டாகவோ ஸ்திரீபார்ட்டாகவோ கொடிகட்டிய சிறுவன், மகரக்கட்டு வந்த மறுநாளே திரைக்குப் பின்னால் வேலை பார்க்க நேர்வதும் உண்டு. ஊர் திரும்பி மறக்கப்பட்டவரும் பலர். பிற்காலத்துத் திரைப்படங்களிற் புகழ்பெற்ற பி. யு. சின்னப்பாவும் இக்கண்டத்தாற் சில காலம் இடர்ப்பட்டவரே. கிட்டப்பாவோ இதனைக் கடந்தபின்னும் உயர்ந்த சுருதியை விடவில்லை. அவர் நாலரை, ஐந்து கட்டையிற் பாடினார் என்று பழைய இரசிகர் வழிவழியாகச் சொல்லி வருவர். இன்றைய கச்சேரி மேடையில் ஆண் வித்துவான்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையிற் பாடுவதை எண்ணினால் வேறுபாடு விளங்கும். ஐந்து கட்டையைச் சுருதியாக வைத்து மேற்ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தொடுபவன், தெனோர் பாடகர் உயிரைப் பணயம் வைத்துத் தொடும் உச்ச சுரத்தையும் ஒரு படி கடக்கின்றான் என்பது கணக்கு. இரு முறைகளிலும் குரலைச் செலுத்தும் வகை வேறாதலின் இவ்வொப்பீட்டால் ஏற்றத்தாழ்வு கூறுதல் பொருந்தாது.

இத்துணை உயர்ந்த சுருதி எதற்கு? இதனை வெறும் வித்தைச் செருக்கு என்று இகழ்ந்தவர் உண்டு. இகழ்ந்தவர் அக்காலத்துக் கொட்டகையை மறந்தனர். தகரக்கூரை, பக்கங்களில் தட்டி, உள்ளே ஆயிரக்கணக்கான மக்கள், முன்வரிசையிற் குழந்தைகளின் அழுகை, பின்வரிசையிற் சோடாக்காரன் குரல். ஒலிவாங்கி வராத காலம். இரவு பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம் விடியற்காலை வரையில் நடக்கும். தாழ்ந்த குரல் எவ்வளவு இனிமையாயினும் அவ்விரைச்சலில் அமிழ்ந்துபோம். உயர்ந்து கூர்மைப்பட்ட குரலே கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரன் செவிவரை சொல்லையும் கொண்டுசெல்லும். கிட்டப்பாவின் சுருதி அந்தத் தரை டிக்கெட்டுக்காரனுக்காக ஏற்பட்டது.

இவ்வுண்மையை விளங்கிக்கொள்ள வன்னிநாட்டார் தமிழ்நாட்டுக் கொட்டகைவரை போகவேண்டியதில்லை. முல்லைத்தீவில் ஆடப்பட்டுவரும் கோவலன் கூத்தையும், அதற்குரிய முல்லைமோடி என்னும் ஆட்ட வகையையும் அறிந்தவர் இதனை எளிதில் ஒப்புவர். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் வழிபாட்டோடு பிணைந்து வளர்ந்த கலை அது. வயல்வெளியையும் கடற்காற்றையும் எதிர்த்து விடியுமட்டும் பாடவேண்டியவர் கூத்தர். அண்ணாவியார் எடுத்துக் கொடுக்கும் உச்சமும், பிற்பாட்டுக்காரர் அதனை வாங்கித் திருப்பும் முறையும் அவ்வெளிக்கு என்றே அமைந்தவை. நாலு சுவருக்குள் இருந்து கேட்டால் அது கத்தல் போலத் தோன்றலாம். வெளியில் நூறு யார் தள்ளி நின்று கேட்டால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்து விழும். கூத்துப் பாட்டைச் ‘சங்கீதம் அன்று’ எனத் தள்ளிய படித்தோரும், கிட்டப்பாவைக் ‘கச்சேரி வித்துவான் அல்லர்’ எனத் தள்ளிய சென்னை இரசிகரும் ஒரே பிழையைச் செய்தவராவர்.

இனி அவர்மீது சுமத்தப்படும் மெய்யான குற்றத்துக்கு வருவோம். பாட்டு நாடகத்தை விழுங்கிவிட்டது என்பது அக்குற்றம். இதனை முற்றாக மறுத்தல் இயலாது. தியாகராசரின் ‘எவரனி’ என்னும் கீர்த்தனையை மக்கள் நாவிற் பரப்பியவர் கிட்டப்பா. அது நாடகக் கதையோடு எவ்வாற்றானும் தொடர்புடையதன்று. வள்ளலார் பாடலை விருத்தமாக எடுத்துப் பிருகாக்களை மழையாகப் பொழிவார். தமையனார் காசி ஐயர் ஆர்மோனியத்திற் பின்தொடர்வார். அவ்வளவில் கதை எங்கே நிற்கிறது என்பது எவர்க்கும் நினைவிராது. ‘ஒன்ஸ்மோர்’ என்னும் கூக்குரல் எழும். பாடியது மறுபடியும் பாடப்படும். செத்து விழுந்த பாத்திரமும் எழுந்து வந்து பாடிவிட்டுத் திரும்பச் சாகும் வேடிக்கை அந்நாளைய மேடைக்குப் புதிதன்று. ஆயினும் இது தமிழர்க்கே உரிய நோய் என்று வெட்கப்படல் வேண்டா. இத்தாலிய அரங்குகளிலும் பாடியதை மீளப் பாடும் வழக்கம் வேரூன்றி இருந்தது. மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கில் அதனை ஒழிக்கத் தொஸ்கனினி என்னும் இசைநெறியாளர் இரசிகரோடு பொருத வேண்டியிருந்தது. நம் மேடைக்கு அத்தகைய கண்டிப்பான ஒருவர் வாய்க்கவில்லை. ஆசிரியராக இருந்து கண்டிக்கவல்ல சங்கரதாஸ் சுவாமிகள் தமது இறுதிக் காலத்திற் பக்கவாதத்தால் நலிந்து, கிட்டப்பா உச்சமடையுமுன்னரே மறைந்தார். அவருக்குப் பின் மேடையை ஆண்டது ‘ஸ்பெஷல் நாடகம்’. வெவ்வேறு இடத்திலிருந்து நடிகர் வந்து, ஒத்திகையின்றி அன்றிரவே கூடி ஆடுவது அது. அங்கே ஒருவரையொருவர் பாட்டாலும் தருக்கத்தாலும் வெல்லுதலே நாடகம் ஆயிற்று.

அவ்வெற்றிப் போட்டியிலும் ஒரு நாடகப் பண்பு உண்டென்பதை எடுத்துக்காட்ட ‘வள்ளி திருமணம்’ ஒன்றே போதும். தினைப்புனத்தில் வள்ளியும் வேடனாக வந்த வேலவனும் நிகழ்த்தும் வாதம் அந்நாடகத்தின் உயிர். ஒருவர் ஏற்றிய சுருதிக்கு மற்றவர் ஏறாவிட்டால் வாதம் தோற்றது; பாத்திரமும் தோற்றது. இவ்விடத்தில் இசைத்திறனையும் நடிப்புத்திறனையும் பிரித்தெடுக்க எந்தத் திறனாய்வாளராலும் ஆகாது. 1926 இல் கொழும்பு மேடையிற் கிட்டப்பாவின் எதிரே வள்ளியாக நின்றவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். 1908 இற் பிறந்த அவ்வம்மையாரின் குரலுக்கு ஈடுகொடுக்கவல்லார் அரியர். தமிழ் இசை நாடகத்தின் தலைசிறந்த இணை ஈழநாட்டு மேடையிலே முதன்முதற் கூடியது என்பது நாம் மறக்கலாகாத செய்தி. தனுஷ்கோடியிலிருந்து கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கிப் புகைவண்டியில் மதவாச்சி சேர்ந்து, தெற்கே கொழும்புக்கோ வடக்கே வவுனியா, கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணத்துக்கோ பிரிவது அக்கால நாடகக்காரர் வழி. 1914 இற் கப்பற் போக்குவரத்துத் தொடங்கிய நாள் முதலாக அவர்கள் அடிக்கடி நடந்த வழியும் அதுவே.

இருவரும் 1927 இல் மணம் புரிந்ததும், கிட்டப்பாவுக்கு முன்னரே மனைவி ஒருவர் இருந்ததும், பிணக்கும் பிரிவும் நேர்ந்ததும் பலர் பலபட எழுதியவை. அக்காதற் கதையிலே மனம் தோய்ந்தவர் பாட்டைக் கேட்க மறந்தனர் என்பதன்றி யாம் இங்குக் கூறுவதற்கு ஒன்றும் இல்லை.

துன்பத்தைப் பாடும் வகையில் இரு நாட்டு மேடைகளும் வேறுபடும் இடம் ஒன்று உண்டு. லெயொங்கவாலோ 1892 இல் அரங்கேற்றிய ‘பாலியாச்சி’ என்னும் ஒப்பெராவிலே, மனைவி வஞ்சித்தாள் என அறிந்த கோமாளி, கூட்டத்தைச் சிரிக்கவைக்க முகத்திற் பொடி பூசிக்கொண்டே பாடுகின்றான். கரூசோவின் பெயர் இப்பாட்டோடு பிரிக்கமுடியாதபடி ஒட்டிக்கொண்டது. பாட்டின் நடுவே அவர் வைத்த விம்மல் உலகத்தையே உருக்கியது. பின்வந்த சிறிய பாடகர் அவ்விம்மலை மாத்திரம் கற்றுக்கொண்டு மேடையைக் கெடுத்தனர் என்பது வேறு கதை. நம் அரிச்சந்திரனும் சுடலையில் நின்று மகனுடைய பிணத்துக்கு முன்னே பாடுகின்றான். ஆனால் அழுகை இராகத்துக்குள்ளேயே அடங்கவேண்டும் என்பது நமது மரபு. இராகம் உடைந்தால் இரசிகன் முகம் சுளிப்பான். கிட்டப்பாவின் தட்டுகளில் விம்மலைத் தேடுவோர் ஏமாறுவர். உருக்கத்தை அவர் உச்சத்தில் நீளும் கார்வையிலும், அதிலிருந்து சரிந்து இறங்கும் பிருகாவிலும் வைத்தார். இதனை வெறும் அலங்காரம் எனக் கொள்வோர்க்கு அவர் வேகமே தெரியும்.

அவர் தட்டுகளைப் பற்றியும் சில சொல்லவேண்டும். இன்று நம்மிடம் இருப்பவை அவையே. 1931 இற் ‘காளிதாஸ்’ என்னும் முதல் தமிழ்ப் பேசும்படம் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துக் கிட்டப்பா இறந்தார். எந்தத் திரைப்படத்திலும் அவர் தோன்றவில்லை. (கரூசோ 1918 இல் ஒரு படத்தில் நடித்தார். அது ஊமைப்படம். உலகத்தின் பெரும் பாடகரை வாய்திறவாது நடிக்கவைத்த அப்படம் ஓடாது போனதில் வியப்பென்ன?) கரூசோவை உலகறியச் செய்ததும் இசைத்தட்டே. 1902 ஏப்பிரல் மாதத்தில் மிலான் நகர விடுதி அறை ஒன்றில், நூறு பவுண் ஊதியத்துக்குப் பத்துப் பாட்டுகளைப் பாடிக் கொடுத்தார். மின்முறைப் பதிவு 1925 அளவிலே வந்தது; அதற்குமுன் 1921 இல் அவர் இறந்துவிட்டமையால் அவர் பாடியவை யாவும் தகரக் குழலின் வாயிற் பாடியவை. அவர் குரலோ கருங்காலி நிறத்தது. அடித்தொண்டையின் கனம் கொண்டது. அக்குழலுக்கு அது நன்கு இசைந்தது. கிட்டப்பாவின் கூரிய குரலைத் தட்டு அவ்வளவு நேர்மையாக ஏற்கவில்லை என்றே எமக்குத் தோன்றுகின்றது.

மேலும் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும். மேடையில் அரைமணி நேரம் விரிந்த ஒரு விருத்தம் அதற்குள் அடங்கவேண்டும். சுருக்கத்துக்காக அவர் விரைகின்றார். விரைவதனாற் பிருகா ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றது. கேட்போர் ‘வேகமே இவர் இயல்பு’ என முடிவுகட்டுகின்றனர். சுருதி பற்றிய செய்தியிலும் எச்சரிக்கை வேண்டும். அக்காலத் தட்டுகள் யாவும் நிமிடத்துக்கு 78 சுற்று என்னும் ஒரே வேகத்திற் பதிவானவை அல்ல. 74 சுற்றில் எடுத்ததை 78 இல் ஓட்டினால் குரல் ஏறக்குறைய அரைச் சுரம் உயரும்; அஃதாவது நாலரைக் கட்டை ஐந்தாகிவிடும். தட்டை வைத்து ‘ஐந்தரை, ஆறு’ என்று பந்தயம் கட்டும் இரசிகர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

அக்குரல் பட்ட பாடு சிறிதன்று. கரூசோ மெற்றோபொலிற்றன் அரங்கிற் பாடியது ஆண்டுக்கு ஐம்பது இரவு அளவு. ஒவ்வோர் இரவும் மூன்று நான்கு மணி நேரம். உடன் பாடுவோர் பலர். அங்ஙனமிருந்தும் 1920 டிசம்பரில் புறூக்கிளின் மேடையில் அவர் வாயிற் குருதி வடிந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் நேப்பிள்ஸ் நகரில் நாற்பத்தெட்டு வயதில் இறந்தார். கிட்டப்பாவோ ஊர் ஊராகச் சென்று விடியுமட்டும் பாடியவர். 1933 இல் திருவாரூர் மேடையில் மயங்கி விழுந்தார். அவ்வாண்டு டிசம்பர் 2 ஆந் திகதி உயிர் நீத்தார். வயது இருபத்தேழு. கரூசோ அவ்வயதில் இறந்திருப்பாராயின் அவர் பெயரை இத்தாலியரன்றி எவரும் அறிந்திரார். நியூயோர்க்கும் இல்லை, இசைத்தட்டும் இல்லை.

அவர்க்குப் பின் உயர்சுருதி மரபை எம். கே. தியாகராஜ பாகவதர் திரைப்படத்துக்குக் கொண்டுசென்றார். 1944 இல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடியது. ஆயினும் ஒலிவாங்கி வந்தபின் அச்சுருதிக்குத் தேவை குறைந்தது. காதோடு பேசுவதுபோற் பாடும் தாழ்ந்த குரல்கள் இடம்பிடித்தன. ஈழத்திலே காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து, ‘அரிச்சந்திர மயான காண்டம்’ ஆடி அம்மரபை மேலும் ஒரு தலைமுறை காத்தார். 1924 இற் பிறந்து 1989 இல் மறைந்த அவர் பாட்டைக் கோயில் வீதிகளிலே கேட்டு வளர்ந்த பெரியோர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். அவர்களுடைய நினைவு விலைமதிப்பற்றது. 2009 இல் முடிந்த போரின் இறுதி மாதங்களில் வன்னி மக்கள் உடுத்த உடையோடு இடம்பெயர்ந்தபோது, வீடுகளிலே பேணப்பட்ட கூத்து ஏடுகளும் ஒலிநாடாக்களும் எத்தனை அழிந்தன என எண்ணிச் சொல்வார் இல்லை. செங்கோட்டைப் பாடகர்க்கு மூன்று நிமிடத் தட்டுகளாவது எஞ்சின. நம் அண்ணாவிமார் பலர்க்கு அதுவும் இல்லை. எனவே இன்று முல்லைமோடி பாடவல்ல முதியவரைக் கண்டால், மாணவர் அவரை அறைக்குள் இருத்திப் பதிவு செய்யாது, வெளியில் நிறுத்தி, ஒலிவாங்கியையும் தொலைவிலே வைத்துப் பதிவு செய்வாராயின், அக்குரலின் நியாயம் பதிவிலே பாதியாவது நிற்கும்.

கிட்டப்பாவின் மேடைக்குரல் எத்தகையது என்பதற்குத் தட்டினும் சிறந்த சான்று ஒன்று உண்டு. சுந்தராம்பாள் கணவர் இறந்தபின் வெண்ணிற ஆடை உடுத்து, ஆடவரோடு இணைந்து நடிப்பதை விட்டார். 1935 இல் ‘நந்தனார்’ படத்துக்காக நூறாயிரம் ரூபா ஊதியம் பெற்றுத் திரைக்கு வந்தபோதும் ஆண்வேடமே பூண்டார். 1953 இல் வெளிவந்த ‘ஔவையார்’ படத்தை இன்றும் காணலாம். ஒலிப்பதிவுக் கருவிகள் முன்னேறிய காலம் அது. மெல்லப் பாடினாலும் போதும். அம்மையாரோ பழைய சுருதியிற் சிறிதும் இறங்கவில்லை. படத்தைப் பார்க்கும்போது உற்றுக் கேட்டால், முன்னே இருக்கும் ஒலிவாங்கியை அவர் பொருட்படுத்தவில்லை என்பதும், கொட்டகையின் கடைசி வரிசையை நோக்கியே பாடுகிறார் என்பதும் விளங்கும்.